ஜென் 3 வண்டியில் ஜென் 4 இன்ஜின்: சென்சாரையும் கம்ப்யூட்டரையும் ஒத்துப்போக வைக்கும் முழு வழிகாட்டி

"அதே 5.3 தானே, அப்படியே இறங்கிடும்" என்றார் பழைய வண்டி உடைக்கும் யார்டுக்காரர். அவர் சொன்னதில் பொய் இல்லை. இறங்கத்தான் செய்தது. மவுண்ட் பொருந்தியது, கியர் பாக்ஸ் பொருந்தியது, எக்ஸாஸ்ட் பொருந்தியது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்ஜின் பிடிக்கவில்லை.

என்னுடையது 2004 செவ்ரலே சில்வராடோ 1500. அதன் எல்எம்7 இன்ஜினில் பேரிங் போய்விட்டது. மாற்றாக வாங்கியது 2008 சில்வராடோவிலிருந்து கழற்றிய எல்ஒய்5. இரண்டும் 5.3 லிட்டர், இரண்டும் இரும்பு பிளாக், இரண்டுக்கும் ஃபயரிங் ஆர்டர் 1-8-7-2-6-5-4-3. ஆனால் முதலாவது ஜென் 3, இரண்டாவது ஜென் 4, அதாவது ஜிஎம் நிறுவனத்தின் வி8 இன்ஜின் வரிசையில் மூன்றாம், நான்காம் தலைமுறை. இரும்பைப் பொறுத்தவரை அண்ணன் தம்பி. மின்சாரத்தைப் பொறுத்தவரை வேறு வேறு மொழி பேசுபவர்கள். எனக்கு இரண்டு வார இறுதிகளைத் தின்ற வேலை இது. உங்களுக்கு ஒரு மாலையில் புரியட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு முடிவு: வண்டியின் கம்ப்யூட்டர் வண்டியிலேயே இருக்கட்டும்

"இன்ஜினோடு அதன் கம்ப்யூட்டரையும் சேர்த்து வாங்கிவிட்டால் தீர்ந்தது" என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். பழைய ஜீப்பிலோ காரிலோ போடுவதானால் அது சரியான வழிதான். 1999 முதல் 2007 வரை வந்த பழைய உருவ சில்வராடோ, சியரா, டாஹோ வண்டிகளில் சரிப்படாது.

காரணம், இந்த வண்டிகளின் கம்ப்யூட்டரான பிசிஎம் இன்ஜினை மட்டும் பார்ப்பதில்லை. 4எல்60இ கியர் பாக்ஸை மாற்றுவதும் அதுதான். மீட்டர் பெட்டிக்கு வேகம், ஆர்பிஎம், வெப்பம், ஆயில் பிரஷர் எல்லாம் அதிலிருந்துதான் போகின்றன. அந்தப் பேச்சு நடப்பது ஜே1850 என்ற பழைய ஒற்றை வயர் வழியில், விநாடிக்கு 10.4 கிலோபிட் வேகத்தில். 2008 வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டரான இ38 இசிஎம்மோ கேன் என்ற புதிய வகை வயர் வழியில் பேசும். கியர் பாக்ஸை அது தொடுவதே இல்லை. அதற்கு டி42 என்று தனிப் பெட்டி வேண்டும். இ38-ஐ 2004 வண்டியில் மாட்டினால் இன்ஜின் ஓடும், ஆனால் மீட்டரில் முள் ஒன்றும் எழாது, கியர் விழாது. திருட்டுத் தடுப்பு, க்ரூஸ், ஏசி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டியிருக்கும்.

அதனால் என் கணக்கு இது: கம்ப்யூட்டர் வண்டியோடு போகும், சென்சார்கள் கம்ப்யூட்டரோடு போகும். இன்ஜின் வெறும் இரும்பு. அதில் பழைய சென்சார் எதெல்லாம் ஏறுமோ ஏற்றிவிட வேண்டும். ஏறாத ஓரிரண்டுக்கு மட்டும்தான் மூளையைக் கசக்க வேண்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

இன்ஜின் வந்த வண்டியின் முழு விஐஎன் எண்ணை (வண்டியின் அடையாள எண்) கேளுங்கள். அதில் எட்டாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும். ஜென் 3-இல் டி என்றால் எல்எம்7, வி என்றால் 4.8 எல்ஆர்4, யு என்றால் 6.0 எல்க்யூ4, என் என்றால் எல்க்யூ9. ஜென் 4-இல் ஜே என்றால் எல்ஒய்5. எண் தர மறுக்கும் யார்டில் நான் இன்ஜின் வாங்குவதில்லை.

ஜென் 4 தான் கிடைக்கிறது என்றால் 2007 முதல் 2009 வரையான 5.3-ஐத் தேடுங்கள். 2010-இலிருந்து 5.3-இலும் கேமின் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) நேரத்தைத் தானே மாற்றும் விவிடி வந்துவிட்டது. பழைய பிசிஎம்முக்கு அதை ஆட்டத் தெரியாது. கண்ணால் அடையாளம் காண, முன்பக்க டைமிங் கவரைப் பாருங்கள். கேமுக்கு நேராக வட்டமாகப் புடைத்து, அதில் ஒரு மின் கனெக்டரும் இருந்தால் அது விவிடி.

இன்ஜினோடு அதன் கிராங்க் சென்சார், கேம் சென்சார், அவற்றின் கனெக்டர்கள் ஓர் அடி வயரோடு வரவேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். வயரை ஒட்ட வெட்டிக் கொடுத்தால், ஒரு கனெக்டருக்காக வாரம் ஒன்று போகும்.

பல்சக்கரம்: எல்லாச் சிக்கலும் இங்கேதான்

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் பின்முனையில் ரிலக்டர் என்ற பல்சக்கரம் இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். கிராங்க் சென்சார் அதன் பற்களைப் படித்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. ஜென் 3-இல் அது 24எக்ஸ்: ஒரு சுற்றுக்கு 24 துடிப்பு, சில அகலம், சில ஒடுக்கம். அந்த அகல ஒடுக்க வரிசையை வைத்தே பிசிஎம் இடத்தைக் கண்டுபிடிக்கும். ஜென் 4-இல் 58எக்ஸ்: 60 பல் இருக்க வேண்டிய இடத்தில் 58. இரண்டு பல் இல்லாத அந்த இடைவெளிதான் அதற்கு அடையாளம்.

24எக்ஸ் சென்சார் கறுப்பு நிறம், 58எக்ஸ் சென்சார் சாம்பல் நிறம். முன்னதற்கு 12 வோல்ட், பின்னதற்கு 5 வோல்ட். இரண்டும் ஒரே ஓட்டையில் போய் உட்காரும். நான் மாட்டிக்கொண்டது இதில்தான். யார்டில் இன்ஜினைத் தூக்கும்போது கிராங்க் சென்சாரை உடைத்திருந்தார்கள். சரி, பழைய இன்ஜினின் கறுப்பு சென்சார் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதைக் கழற்றி இதில் போட்டுவிட்டேன். செல்ஃப் அடித்தால், பிசிஎம்மைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில் ஆர்பிஎம் 0. ஃபியூஸ் பார்த்தேன், ரிலே பார்த்தேன், பெட்ரோல் பம்ப் பார்த்தேன், புது கிராங்க் சென்சார் வாங்கிப் போட்டேன். அதுவும் கறுப்பு.

கடைசியில் வண்டிக்கு அடியில் படுத்து, செல்ஃப் மோட்டாரை இறக்கி, சென்சாரின் ஒற்றை போல்ட்டைக் கழற்றி, ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரே வரிசையில், சீப்பு போல ஒரே அளவுப் பற்கள். முன்பக்க புல்லி போல்ட்டில் ராட்செட் போட்டு மெதுவாகச் சுற்றினால், ஒரு இடத்தில் மட்டும் பல் இல்லாத வெற்றிடம் வந்து போனது. அது 58எக்ஸ். 24எக்ஸ் ஆக இருந்தால் இரண்டு வரிசைப் பற்கள் அருகருகே, அகலமும் ஒடுக்கமுமாகத் தெரிந்திருக்கும். மொத்தம் இருபது நிமிட வேலை. இன்ஜின் தரையில் இருந்தபோதே செய்திருந்தால் இரண்டு நிமிடம்தான்.

சென்சாரின் நிறத்தையோ விற்பவரின் வார்த்தையையோ நம்பாமல், அந்த ஓட்டைக்குள் ஒருமுறை கண்ணால் பாருங்கள். ஆண்டு மாறும் காலத்து இன்ஜின்களிலும், ஏற்கெனவே யாரோ பிரித்துச் சேர்த்த இன்ஜின்களிலும் வேறு எந்த அடையாளமும் உறுதியில்லை.

58எக்ஸ் என்று தெரிந்துவிட்டால் இரண்டு வழி.

ஒன்று, பல்சக்கரத்தையே மாற்றுவது. இன்ஜினை முழுதாகப் பிரித்து கிராங்கை வெளியே எடுப்பதாக ஏற்கெனவே முடிவு செய்திருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள். பழைய சக்கரத்தை இழுத்து எடுத்து, புது 24எக்ஸ் சக்கரத்தைச் சரியான கோணத்தில் ஏற்ற அதற்கென்றே ஒரு ஜிக் (பிடித்து நிறுத்தும் கருவி) உண்டு. கண் மதிப்பில் அடித்து ஏற்றினால் டைமிங் தவறும். சக்கரம் மெல்லிய தகடு, ஒரு தட்டு பட்டாலே வளைந்துவிடும். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் ஆட்டம் 0.7 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பி0336 என்ற பிழைக் குறியீடு (கோடு) விடாமல் வரும். இந்த வழியில் கேமின் முன்பக்கப் பல்சக்கரத்தையும் 4எக்ஸிலிருந்து 1எக்ஸுக்கு மாற்ற வேண்டும். ஜென் 3-இல் கேம் சென்சார் பிளாக்கின் பின்பக்க மேல்புறம் இருக்கும். ஜென் 4 பிளாக்கில் அந்த ஓட்டை இருக்காது. எனவே முன்பக்க கவரில் உள்ள இடத்தையே பயன்படுத்தி, வயரை நீட்டிக்கொள்ள வேண்டும். வாங்கும்போது கேமில் ஒரு போல்ட்டா மூன்று போல்ட்டா என்று பார்த்து அதற்கேற்ற சக்கரம் கேளுங்கள்.

இன்னொன்று, நடுவில் ஒரு மாற்றுப் பெட்டி வைப்பது. லிங்கன்ஃபெல்டர் நிறுவனம் இதற்கென்றே ஒன்று விற்கிறது. 58எக்ஸ் கிராங்க், 4எக்ஸ் கேம் சிக்னலை வாங்கி, 24எக்ஸ், 1எக்ஸ் ஆக மாற்றிப் பழைய பிசிஎம்முக்குக் கொடுக்கும். சாம்பல் சென்சார் இன்ஜினிலேயே இருக்கும், முன்பக்க கேம் சென்சாரும் அப்படியே. அவை பெட்டியோடு பேசும், பெட்டி பிசிஎம்மோடு பேசும். நான் கிராங்கைத் தொடவில்லை என்பதால் இதைத்தான் எடுத்தேன். சூடும் தண்ணீரும் படாத இடமாகப் பார்த்து, ஃபயர்வாலில் உயரமாகத் திருகி வையுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகே வேண்டவே வேண்டாம்.

இதற்கு நேர் எதிர் வேலையும் உண்டு: 2008 வண்டியில் ஜென் 3 இன்ஜின் வைப்பது. அங்கேயும் கேள்வி இதே பல்சக்கரம்தான், திசைதான் மாறும்.

சிலிண்டர் நிறுத்தும் ஏஎஃப்எம்

எல்ஒய்5-இல் பாரம் குறைந்தபோது 1, 4, 6, 7 ஆகிய நான்கு சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. பழைய பிசிஎம்முக்கு இது இருப்பதே தெரியாது. அதன் சொலினாய்டுகளுக்கு மின்சாரம் போகாவிட்டால், கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் லிஃப்டர்கள் பூட்டியபடியே இருக்கும், இன்ஜின் எட்டிலும் ஓடும். ஆகவே கனெக்டரைச் செருகாமல் விட்டாலே வேலை நடக்கும்.

ஆனாலும் இன்ஜின் தரையில் இருக்கும்போதே அதை எடுத்துவிடுவது மேல். இந்த லிஃப்டர்கள் மாட்டிக்கொண்டு கேமைச் சிதைப்பது இந்த இன்ஜின்களின் பிறவி நோய். எடுப்பதென்றால் அரைகுறையாக எடுக்கக் கூடாது. லிஃப்டர்களோடு கேமையும் மாற்ற வேண்டும், ஏனென்றால் அந்த நான்கு சிலிண்டர்களுக்கான கேம் மேடுகளின் (லோப்) வடிவமே வேறு. ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். ஹெட் போல்ட்கள் ஒருமுறை இறுக்கினால் தீர்ந்தது, புதிதுதான் போட வேண்டும். மேலே சொலினாய்டு மூடிக்குப் பதிலாக வரும் தட்டை மூடியில், பள்ளத்தில் உள்ள எண்ணெய்த் தூண்களை அடைக்கும் ஓ-ரிங்குகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். ஜென் 3 மூடியில் அவை இருக்காது. போட்டால் ஆயில் பிரஷர் அங்கேயே கசிந்துவிடும். ஆயில் சம்ப்புக்குள் இருக்கும் ஏஎஃப்எம் ரிலீஃப் வால்வையும் அடைத்துவிடுங்கள்.

பழைய இன்ஜினிலிருந்து அப்படியே ஏறுபவை

இது எளிதான பகுதி. எல்ஒய்5-இன் ஹெட்டும் எல்எம்7 போலவே ஒடுங்கி உயர்ந்த கதீட்ரல் போர்ட். அதனால் பழைய இன்டேக் மேனிஃபோல்டு அதன்மேல் உட்காரும். அதோடு இன்ஜெக்டர், ஃபியூயல் ரெயில், மேப் (மேனிஃபோல்டு அழுத்த) சென்சார், த்ராட்டில் பாடி எல்லாம் ஒரே தொகுப்பாக வந்துவிடும். ஓ-ரிங்கையும் மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும் புதிதாகப் போடுங்கள். போல்ட்களை நடுவிலிருந்து வெளியே, முதல் சுற்று 5 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்று 10. பிளாஸ்டிக் மேனிஃபோல்டு, கை பலம் காட்டாதீர்கள்.

த்ராட்டிலில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 2003-க்குப் பிந்தைய ஜென் 3 வண்டிகளில் ஆக்சிலேட்டருக்குக் கேபிள் கிடையாது. பெடல், ஃபயர்வாலில் உள்ள டிஏசி பெட்டி (த்ராட்டிலை மின்சாரத்தால் இயக்குவது), த்ராட்டில் பாடி மூன்றும் ஒரு குடும்பம். ஜென் 4-இன் பெரிய 87 மி.மீ. நான்கு போல்ட் த்ராட்டில் அழகாகத்தான் இருக்கும், ஆசைப்பட வேண்டாம். அந்த மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி பவர் குறைந்த நிலைக்குப் போய் அங்கேயே நிற்கும்.

டிரைவர் பக்க ஹெட்டின் முன்னே இருக்கும் வெப்ப சென்சாரைப் பழைய இன்ஜினிலிருந்து எடுத்துப் போடுங்கள். ஆயில் பிரஷர் சென்சாரும் அப்படியே. மீட்டர் முள் சரியாகக் காட்ட வண்டியின் சென்சார்தான் வேண்டும். ஆல்டர்னேட்டர், மாஃப் (உள்ளே போகும் காற்றை அளப்பது), ஆக்சிஜன் சென்சார்கள் எல்லாம் 2004 வண்டியுடையதே.

நாக் சென்சார்: பலரும் ஏமாற்ற நினைக்கும் இடம்

இன்ஜினுக்குள் எரிபொருள் தவறாக வெடித்துத் தட்டும் சத்தத்தைக் கேட்பது நாக் சென்சார். ஜென் 3-இல் அது இரண்டு, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியே உள்ள பள்ளத்தில் திருகியிருக்கும். ஒற்றை வயர். ஜென் 4-இல் அவை பிளாக்கின் இரு பக்கவாட்டிலும் போய்விட்டன, இரட்டை வயர், வேறு வகை. பழைய பிசிஎம்முக்குப் பழைய வகைதான் புரியும். பிளாக்கின் பக்கவாட்டு ஓட்டையில் பழைய சென்சாரைத் திருகுவதற்கான அடாப்டர் கட்டைகள் விற்கிறார்கள். அதைப் போட்டு, பள்ளத்தில் இருந்த வயரை வெளியே இழுத்து நீட்ட வேண்டும். இறுக்கம் 20 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் கூடாது. சென்சார் நன்றாக இருந்தால் மல்டிமீட்டரில் அதன் முனைக்கும் உடலுக்கும் இடையே 93 முதல் 107 கிலோ ஓம் வரை காட்டும்.

100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகி விளக்கை அணைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். எல்எம்7-இன் கம்ப்ரெஷன் 9.5, எல்ஒய்5-இன் கம்ப்ரெஷன் 9.9. பிசிஎம்மில் இருப்பதோ எல்எம்7-இன் ஸ்பார்க் அட்டவணை. இன்ஜின் தட்டினால் கேட்கும் காது ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

பழைய பள்ளத்துச் சென்சார்களைக் கழற்றும்போது பின்பக்கத்துச் சென்சார் துருப்பிடித்துப் பிய்ந்து வரலாம். மேனிஃபோல்டுக்குக் கீழே தண்ணீர் தேங்குமிடம் அது. வயரின் ரப்பர் மூடியைத் திறந்தால் செம்மண் போலத் துரு கொட்டும். அதைக் காப்பாற்ற முயலாமல் புதிது வாங்கிவிடுங்கள்.

எர்த் வயர்

ஹெட்டின் பின்புறத்திலிருந்து ஃபயர்வாலுக்குப் போகும் பின்னல் பட்டையும், பிசிஎம்மின் எர்த் வயர்கள் வந்து சேரும் போல்ட்டும் மறக்கக் கூடாதவை. இன்ஜின் உள்ளே இறங்கியபின் அந்த இடத்துக்குக் கை போகாது. பெயின்டையும் துருவையும் சுரண்டி, வெறும் இரும்பு தெரிய வைத்து இறுக்குங்கள். எர்த் சரியில்லாத வண்டி, கெட்டுப்போகாத சென்சார் ஒவ்வொன்றையும் கெட்டுவிட்டதாகக் காட்டும்.

முதல் ஸ்டார்ட்

பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை செல்ஃப் அடியுங்கள். ஒரே மூச்சில் அல்ல, பத்து விநாடி அடித்து ஒரு நிமிடம் ஓய்வு. அப்போதே ஸ்கேனரில் ஆர்பிஎம் எண்ணைப் பாருங்கள். 150, 200 என்று நிலையாக வந்தால் கிராங்க் சிக்னல் போய்ச் சேருகிறது. 0 என்றாலோ தாறுமாறாகக் குதித்தாலோ ஃபியூஸைத் திரும்பப் போட வேண்டாம். பி0335, பி0336 கோடு இருக்கிறதா என்று பார்த்து, மாற்றுப் பெட்டியின் 12 வோல்ட், எர்த், இரண்டு கனெக்டர் என்று வரிசையாகச் சோதியுங்கள். பி0340, பி0341 என்றால் கேம் பக்கம்.

பிசிஎம் பழையதே என்பதால் திருட்டுத் தடுப்பு தொந்தரவு தராது. பிசிஎம்மையும் மாற்ற நேர்ந்தால்தான் அதற்குப் பாடம் சொல்ல வேண்டும்: சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பி விட்டுவிட்டு, ஆன் நிலையிலேயே செக்யூரிட்டி விளக்கு அணையும்வரை சுமார் பத்து நிமிடம் காத்திருந்து, அணைத்து, இதையே மூன்று முறை. அரை மணி நேரத்துக்கு பேட்டரி சார்ஜர் மாட்டி வையுங்கள்.

இன்ஜின் பிடித்து, வெப்பம் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின் கிராங்க் வேறுபாட்டைக் கற்பிக்கும் வேலை பாக்கி. ஒவ்வொரு பல்சக்கரத்திலும் நுணுக்கமான வித்தியாசம் இருக்கும். அதைப் பிசிஎம் மனப்பாடம் செய்துகொண்டால்தான் மிஸ்ஃபயரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். செய்யாவிட்டால் பி0315 வரும். ஜிஎம் வண்டிக்கு ஆணை கொடுக்கத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும், வெறும் கோடு படிக்கும் மலிவுக் கருவி போதாது. பார்க்கிங் பிரேக் போட்டு, ஏசியை அணைத்து, ஆணை கொடுத்து, ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். சுமார் 4000 ஆர்பிஎம்மில் பிசிஎம்மே பெட்ரோலை வெட்டும். வெட்டிய அந்த நொடியில் காலை எடுத்துவிட வேண்டும். சத்தத்துக்குப் பயந்து பாதியில் விட்டால் மறுபடி முதலிலிருந்து.

பிறகு ட்யூனிங். பிசிஎம்மின் அட்டவணைகளைத் திருத்தும் ஹெச்பி ட்யூனர்ஸ் அல்லது இஎஃப்ஐலைவ் மென்பொருள் வைத்திருப்பவரிடம் போனால் ஒரு மணி நேர வேலை. கேமை மாற்றியிருந்தால் அது எந்தக் கேம் என்று சொல்லிவிடுங்கள். நான் அதிகப் பாரப் பகுதியில் ஸ்பார்க்கை 2 டிகிரி பின்னுக்கு வைத்துத் தொடங்கி, ஸ்கேனரை மாட்டியபடியே ஒரு மேம்பாலத்தில் பாரத்தோடு ஏறி, நாக் ரிடார்ட் எண் (தட்டும்போது பிசிஎம் ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுக்கும் அளவு) 0-விலேயே நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது.

எல்லாம் முடிந்தபின் ஒரு சின்ன வேலை செய்தேன். பானெட்டின் உட்புறம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அழியாத மையில் எழுதி வைத்தேன்: கிராங்க் சென்சார் 2008, சாம்பல். கேம் சென்சார் 2008, முன்பக்கம். நாக் சென்சார் 2004, பக்கவாட்டில் அடாப்டரோடு. மற்றதெல்லாம் 2004. நாலு வருடம் கழித்து நடுவழியில் கிராங்க் சென்சார் போனால், முன்பின் தெரியாத மெக்கானிக் விஐஎன் எண்ணைச் சொல்லிக் கேட்பார். கடைக்காரர் கறுப்பு சென்சாரைத்தான் எடுத்துக் கொடுப்பார்.